ஏறச் சொல்லி வைத்த பொருத்தனை

சத்தம் மொட்டை மாடிக்கு மேலேயிருந்து வருகிறது. மேலே என்றால் மாடியில் இல்லை, மாடிக்கும் மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில். தகர டப்பாவுக்குள் தேனீக்களை அடைத்துக் குலுக்கின மாதிரி ஒரு ரீங்காரம். நகர்கிறது, நின்ற இடத்திலேயே நிற்கிறது, மறுபடி நகர்கிறது. மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த என் மகன் ஜோவின், உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மட்டும் மேலே உருட்டினான். பிள்ளைக்கும் கேட்கிறது, அப்படியானால் என் மண்டைக்குள் இல்லை என்று ஒரு ஆறுதல், உடனே அந்த ஆறுதலே பயமாகிவிட்டது, மண்டைக்குள் இல்லையென்றால் வெளியே இருக்கிறது. கப்பலைத் தாக்க வருகிற டிரோன் டிவிஎஸ் ஃபிஃப்டி மாதிரி இருக்கும் என்றுதானே என் வீட்டுக்காரர் கிளாட்வின் போனில் சொன்னார். வேடிக்கை சொல்கிற குரலில்தான் சொன்னார். முதலில் கண்ணுக்குத் தெரியாதாம், காதுக்குத்தானாம், மீன் கூடை கட்டின பழைய டிவிஎஸ் ஃபிஃப்டியில் யாரோ ஆகாயத்தில் வருகிற மாதிரி இருக்குமாம், மேல்தட்டில் காவல் நிற்கிறவன் அதைக் கேட்டால் மணியடிப்பானாம், எல்லாரும் உள்ளறைக்கு ஓடவேண்டுமாம். நான் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அவர் எஞ்சின் ரூமில் வேலை செய்கிறவர், அந்த இரைச்சலுக்குக் காதில் மூடி போட்டுக்கொண்டு நிற்கிறவர், அவருக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியும் கேட்காது, மணியும் கேட்காது. யாராவது படியிறங்கிப் போய்த் தோளைத் தட்டவேண்டும். யார் போவார்கள்? எல்லாரும் உள்ளறைக்கு ஓடுகிற நேரத்தில் எவன் கீழே இறங்குவான்? இந்தச் சத்தம் டிவிஎஸ் மாதிரி இல்லை, இது தேனீ. தேனீதான். ஜன்னல் கம்பி வழியாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி, ஒரு பச்சைப் புள்ளி, அணைந்து அணைந்து எரிகின்றன, அதற்குக் கீழே பங்குக் கோயில் மண்டபத்து சீரியல் விளக்குகள். கல்யாண வீட்டு டிரோன். வீடியோக்காரன் ரிசப்ஷனை மேலேயிருந்து பிடிக்கிறான். கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கையாட்டிக்கொண்டிருப்பார்கள், ரெஜினா மைனியும் பட்டுச் சேலையோடு நின்று ஆட்டிக்கொண்டிருப்பார்கள். மேலேயிருந்து வருவதைப் பார்த்துச் சிரிக்கிற இடமும் இருக்கிறது, ஓடுகிற இடமும் இருக்கிறது. நான் ரிசப்ஷனுக்குப் போகவில்லை. பிள்ளைக்கு மூக்கடைப்பு என்று சொல்லிவிட்டேன். மூக்கடைப்பு இருக்கத்தான் செய்கிறது, பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை.

காரணம் காலையில் அவரிடமிருந்து வந்த குரல் பதிவு. இன்னும் பதில் போடாமல் கிடக்கிறது. நாலைந்து தடவை கேட்டாயிற்று, இனிமேல் போடாமலே கேட்கும் எனக்கு. "எட்டி பெனி, நீ சொல்லு. போங்கன்னு சொன்னா போறேன், வேண்டாம்னா இறங்கிடுதேன். ஆனா பெறவு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லக்கூடாது, என்னா." பின்னால் ஒரு தட்டு விழுகிற சத்தம், யாரோ இந்தியில் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். கப்பல் ஓமானில் சலாலா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. அதற்கு அப்புறம் செங்கடல். செங்கடலுக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொருத்தரையும் கேப்டன் கூப்பிட்டுக் கேட்கவேண்டுமாம், சம்மதமா இல்லையா என்று. அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது கப்பலில், எனக்கு அது தெரியாது, அங்கே சண்டை என்றால் சண்டைக்குள் போக மாட்டேன் என்று சொல்ல மாலுமிக்கு உரிமை உண்டு. சொன்னால் கம்பெனியே டிக்கெட் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும். போகிறேன் என்று சொன்னால் அந்த நாட்களுக்கு ரெட்டைச் சம்பளம். இறங்கினவனை ஏஜெண்ட் அடுத்த கப்பலுக்குக் கூப்பிட மாட்டான் என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது. ஆனால் கூப்பிட மாட்டான். அது எல்லாருக்கும் தெரியும், மைனிக்கும் தெரியும். மைனி கிளாட்வினின் அக்கா, இவரைத் தூக்கி வளர்த்தவர்கள், இவர் சம்பளத்தில்தான் மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி வைத்திருக்கிறார்கள். காலையில் இட்லி அவித்துக்கொண்டே சொன்னார்கள், எல்லாரும்தான் போறாவ வாராவ, கடலுக்குப் பயந்தவ கடற்கரையில வாக்கப்பட்டிருக்கக் கூடாது, அவன் கேக்கான்னு நீ பாட்டுக்கு எதையாவது உளறி வைக்காத என்று. உளறவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. கேப்டனுக்கு இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லவேண்டும். அவர்கள் மணி நம் மணிக்குப் பின்னால் ஓடுகிறது, அதனால் எனக்குக் கொஞ்சம் நேரம் மிச்சம். நேரம் மிச்சம் இருப்பதுதான் கொடுமை. இல்லாவிட்டால் முடிந்துபோயிருக்கும், ஐயோ சொல்லியிருக்கலாமே என்று அழுதுகொண்டு இருந்திருக்கலாம்.

ஜோவின் மறுபடி பிடித்துக்கொண்டான். மூக்கு அடைத்திருப்பதால் குடித்துக் குடித்து விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறான், தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்குகிறவன் மாதிரி. அந்த நினைப்பு வேண்டாம். வேறு எதையாவது நினைக்கவேண்டும். கையில் போன் இருக்கிறது, கட்டைவிரல் தானாகவே அந்தப் பங்குச்சந்தை ஆப்பைத் திறந்துவிட்டது. ராத்திரியில் சந்தை கிடையாது, எண் அசையாது, சாயங்காலம் நின்ற இடத்திலேயே நிற்கும், இருந்தும் திறக்கிறேன். பச்சை. எட்டு மாதமாகத் தூக்கமில்லாத எல்லா ராத்திரியிலும் இதைத்தான் திறந்து பார்த்திருக்கிறேன், மற்றவர்கள் ஜெபமாலையை எடுக்கிற மாதிரி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வாங்கினது. கிளாட்வின் அனுப்புகிற பணத்தை பேங்கில் போட்டால் தூங்குகிறது, மைனி சொல்கிற நகைச் சீட்டில் போட்டால் மைனியிடம் தூங்குகிறது. நான் பி.காம். படித்தவள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். விமானம், விண்வெளி, பாதுகாப்பு என்று போட்டிருந்தது, பல கம்பெனிப் பங்குகளை ஒன்றாகக் கட்டி விற்கிற அந்த ஈடிஎஃப்பில். விமானம், விண்வெளி என்கிற முதல் ரெண்டு சொல்லைத்தான் நான் வாசித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறது, ஊரெல்லாம் அதே பேச்சு, நம் தேரிக்காட்டிலிருந்து வானத்துக்குப் போகப்போகிறது என்று ஆட்டோக்காரர்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். எனக்கு வானத்துக்குப் போவதில் ஒரு பங்கு வேண்டும் என்று இருந்தது. மைனிக்குப் புரியவைக்க மீன் ஏலத்தில் கூறு போடுவதை உதாரணம் சொன்னேன். ஒரே கம்பெனியை வாங்குவது ஒரு முழுச் சீலா மீன் வாங்கின மாதிரி மைனி, அது கெட்டால் மொத்தமும் போச்சு. இது கூறு. ஊளி ஒன்று, நகரை ரெண்டு, சாளை நாலு, எல்லாத்திலும் கொஞ்சம் கொஞ்சம், ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். மைனி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்கள், கூறுல அடியில நாறுனதத்தானட்டி வைப்பான், கையை விட்டுப் பாத்தியா? பார்க்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன். மேலே விமானத்துக்கு எஞ்சின் செய்கிறவன், செயற்கைக்கோளுக்குத் தகடு செய்கிறவன், கப்பல் கட்டுகிறவன். அடியில் பீரங்கிக் குண்டு, வெடிமருந்து, ஏவுகணையின் மூக்கு. எல்லாம் ஒரே கூறு. பிரித்து வாங்க முடியாது, எனக்கு ராக்கெட் மட்டும் போதும் என்று சொல்ல முடியாது.

வாங்கின உடனே இறங்கினது. சிவப்பு, சிவப்பு, தினமும் சிவப்பு. எங்கேயோ சமாதானப் பேச்சு நடக்கிறது என்று செய்தி வந்த வாரம் இன்னும் சிவப்பு. பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னால் கால் வீங்கி உட்கார்ந்திருந்தேன். அவர் வேர்த்துச் சம்பாதித்ததை நான் கரைக்கிறேன், மைனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அது ஒன்றுதான் பயம், இப்போது நினைத்தால் எவ்வளவு சின்னப் பயம், அதைத் திரும்ப வாங்க முடிந்தால் நன்றாக இருக்கும். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்குப் போனேன். கான்வென்ட்டில் சிஸ்டர் கொர்னேலியா சொல்வார்கள், கேட்பதை முழுசாகக் கேள், பெயர் சொல்லி, ஊர் சொல்லி, ஆண்டவருக்குத் தெரியாமல் இல்லை, உனக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியவேண்டுமே என்று. பரீட்சைக்கு வேண்டும்போது ரிஜிஸ்டர் நம்பர் வரைக்கும் சொல்லி வேண்டின பிள்ளைகள் நாங்கள். அந்தப் பழக்கம். முட்டுக்கால் போட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அந்த ஈடிஎஃப்பின் பெயரை முழுசாகச் சொல்லி, வாங்கின விலைக்கு மேலே ஏறணும், ஏறினால் கோயில் வாசலில் இருக்கிறவர்களுக்குப் பன் வாங்கிக் கொடுக்கிறேன் என்று பொருத்தனை வைத்தேன். எல்லாம் முழுசாகச் சொன்னேன். எப்படி ஏறணும் என்று மட்டும் சொல்லவில்லை. எதைக் கொண்டு ஏறும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மழை வந்தால் உப்பளம் கெடும் என்று தெரிந்த ஊர்க்காரி, மழை வேண்டும் என்று கேட்கிறதற்கு முன்னால் உப்பு அள்ளியாச்சா என்று கேட்கிற ஊர்க்காரி, இதை யோசிக்கவில்லை. ஏறினது. ஒரு வியாழக்கிழமை காலை மடமடவென்று ஏறினது, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் ஒரு சுற்றுச் சுற்றினேன், போன் வெளிச்சத்தைப் பிடிக்க ஜோவின் கையை நீட்டினான், திரையைப் படம் பிடித்து கிளாட்வினுக்கு அனுப்பினேன், கூடவே ஆடுகிற பொம்மை ஒன்றும். ராத்திரி வரைக்கும் பதில் இல்லை. ராத்திரி அவர் பதில் வந்தது. எங்களுக்கு முன்னால போன கப்பல்ல டிரோன் விழுந்துட்டு பெனி, மும்பையில என்கூட ஒரே ரூம்ல கெடந்த ஃபிட்டர் அதுல இருந்தான், ஒரு கை போச்சு. அதற்கு மேலே என் ஆடுகிற பொம்மை, ஆடிக்கொண்டே இருக்கிறது, நான் அழிப்பதற்கு முன்னாலேயே அவர் பார்த்திருந்தார். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நான் பன் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பொருத்தனை பொருத்தனைதானே, வைத்தால் நிறைவேற்றவேண்டும். ஒரு கிழவர் ரெண்டாவது பன் கேட்டார், கொடுத்தேன், நல்லா இருப்பம்மா என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேண்டத் தெரியவில்லை. அவர் பத்திரமாக வரணும் என்று தொடங்கினால் பாதியில் நிற்கிறது, போன தடவை கேட்டது இன்னும் அங்கே நிலுவையில் இருக்கிறதோ, ஏறணும் என்று கேட்டாயே, அதை வாபஸ் வாங்கினாயா என்று யாரோ கேட்கிற மாதிரி. வாபஸ் வாங்குவதற்கு ஒரு ஜெபம் சிஸ்டர் சொல்லித்தரவில்லை. விழணும் என்று வேண்டலாம், விழுந்தால் அங்கே அமைதி என்று அர்த்தம், ஆனால் அதுவும் சரியாக இல்லை. விலை விழுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், சண்டை நின்றால்தான் விழும் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. தினமும் காலையில் செய்தியைப் பார்ப்பதற்கு முன்னால் பச்சையா சிவப்பா என்று பார்க்கிறேன். பச்சை என்றால் நெஞ்சு முதலில் குளிர்கிறது, பிறகு உறைகிறது. அந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே, கண் சிமிட்டுகிற நேரம், அந்த இடைவெளியில் நான் யார்? அதில் உட்கார்ந்திருக்கிறவளைக் கண்டுதான் எனக்குப் பயம். அவள் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், அவர் மேலேயே விழுந்தால் அன்றைக்கு எவ்வளவு ஏறும் என்று. போட்டு முடிக்கவில்லை, நான் போனைச் சோபாவில் எறிந்துவிட்டேன், பிள்ளை திடுக்கிட்டு அழுதான். யாரிடம் சொல்வது? மைனியிடமா? தினமும் துணைக்கு இங்கேதான் வந்து படுக்கிறார்கள், சாவி ஒன்று அவர்களிடமும் இருக்கிறது, நடுராத்திரி பிள்ளை அழுதால் என்னைவிட முதலில் எழுந்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் சொல்ல முடியாது. அம்மாவிடம் சொன்னால் விற்றுத் தொலை என்பாள். விற்றால் என் கையிலிருந்து இன்னொருத்தி வாங்குவாள், அவ்வளவுதானே, அந்தச் சந்தையில் விற்கிறவள் இருந்தால் வாங்குகிறவள் இருப்பாள், அவளுக்கும் யாராவது எங்கேயாவது இருப்பார்கள். கூறு கைமாறும், நாற்றம் போகாது.

டிரோன் இறங்கிவிட்டது போலிருக்கிறது, மண்டபத்தில் இப்போது பாட்டு. ஜோவின் தூங்கிவிட்டான், வாய் மட்டும் இன்னும் குடிக்கிற மாதிரி அசைகிறது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன், ஹால், சமையலறை, ஹால். இறங்கச் சொல்லலாம். சொன்னால் சம்பளம் நிற்கும், ஏஜெண்ட் முகத்தைத் திருப்புவான், மைனி மகள் கல்யாணம் தள்ளும், இவர் வீட்டில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார், ஒரு நாள் வாய் தவறி உன்னாலதானே என்பார். போகச் சொல்லலாம். சொன்னால் ஒருவேளை ஒன்றுமே ஆகாது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாதுதான், தினமும் எத்தனை கப்பல் போகிறது. ரெட்டைச் சம்பளம், கல்யாணம், பிரியாணி, அவர் வருவார், டிவிஎஸ் ஃபிஃப்டி கதையை எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்க வைப்பார். பெரும்பாலும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தூங்குவது? இறங்கினால் வீட்டை எப்படி ஓட்டுவது என்கிற இடத்துக்கு வந்து நின்றேன். நின்றபோது தெரிந்தது, பதில் கையிலேயே இருக்கிறது, பச்சையாக. இதை விற்றால் ஆறு மாதம் ஓடும், செலவைக் கெட்டியாகப் பிடித்தால் அதற்கு மேலும் ஓடும். அந்த ஃபிட்டரின் கை போன அன்று ஏறினது, அதற்கு முன்னும் பின்னும் யார் யாருக்கோ என்னென்னவோ போன நாட்களில் ஏறினது, அதுதான் இவரை இறங்கச் சொல்லும் தைரியத்தை எனக்குக் கொடுக்கிறது. அந்தோனியார் இதற்காகத்தான் ஏற்றிக் கொடுத்தாரா? அப்படி நினைத்துக்கொண்டால் எவ்வளவு வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதாலேயே நம்ப முடியவில்லை. அந்த ஃபிட்டரின் மனைவியும் ஏதாவது ஒரு புனிதரிடம் எதையாவது கேட்டிருப்பாள். போதும். நம்பவேண்டாம், செய்தால் போதும். மைக் படத்தை அழுத்தினேன். பிள்ளை எழுந்துவிடக்கூடாது என்று மெதுவாகச் சொன்னதில் என் குரல் எனக்கே யாரோ மாதிரிக் கேட்டது. "அத்தான், இறங்கிடுங்க. போக வேண்டாம். ஆறு மாசம் நான் பாத்துக்கிடுதேன், வழி இருக்கு. குத்தம் சொல்லணும்னா என்னையே சொல்லுங்க, ஆயுசுக்கும் சொல்லுங்க, பக்கத்துல இருந்து சொல்லுங்க." விரலை எடுத்தேன், போய்விட்டது. ஒரு கோடு. ஒரே ஒரு கோடுதான், அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தால் ரெண்டாகும். கடலில் சிக்னல் இல்லாவிட்டால் ஒரு கோடோடு நிற்கும், அது நங்கூரம் தூக்குகிற வரைக்கும் நிற்கலாம், செங்கடலைத் தாண்டுகிற வரைக்கும் நிற்கலாம். நின்றபடியே ஆப்பைத் திறந்து மொத்த யூனிட்டையும் விற்க ஆர்டர் போட்டேன். நாளைக் காலை சந்தை திறந்ததும் நிறைவேற்றப்படும் என்றது. நிச்சயமா என்று ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். திரும்பி வந்து பார்த்தால் இன்னும் ஒரு கோடு.

எவ்வளவு நேரம் அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேனோ, திரை அணைந்த பிறகும் எவ்வளவு நேரம் நடந்தேனோ, மின்விசிறி மட்டும் சுற்றுகிறது, பிள்ளையின் மூச்சு கழுத்தில் சூடாக விழுகிறது, போன் கையில் அதிர்ந்தபோது அவர்தான் என்று நினைத்து எடுத்தேன். மைனி. பின்னால் மண்டபத்து மைக்கில் யாரோ மாப்பிள்ளையைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள், சிரிப்பு. மைனி சிரிக்கவில்லை. "என்னட்டி சொன்ன அவன்ட்ட? கேப்டன்ட்ட இறங்குதேன்னு சொல்லிட்டானாம். இப்பத்தான் எனக்குப் போன் போட்டுச் சொல்லுதான், ஒம் மவ கல்யாணத்த வையாசிக்குத் தள்ளிக்கோன்னு." நான் சுவரில் சாய்ந்தேன். சொல்லிட்டானாம். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை. மைனி சொல்லிக்கொண்டே போனார்கள், எங்க அப்பா தோணியில மூணு தடவ கவுந்து மூணு தடவையும் நீந்தி வந்து மறுநாளே போனவாவ, அந்த வம்சத்துல பொறந்தவன ஒரு பொட்டச்சி பேச்சுக் கேட்டுக் கப்பல விட்டு எறங்க வச்சுட்டியே, ஊர்ல என்ன சொல்லுவாவ என்று. எனக்கு முதலில் போன் பண்ணாமல் அக்காவுக்குப் பண்ணியிருக்கிறார் என்பது சின்னதாகக் குத்தியது. அப்புறம் அதுவும் சரிதான் என்று பட்டது, எனக்கு எதற்குச் சொல்லவேண்டும், நான் சொன்னதைத்தானே செய்திருக்கிறார். "எப்ப வாராங்களாம் மைனி?" என்று கேட்டேன். "கேக்கத பாரு, சிரிச்ச மாதிரிலா கேக்கா. இன்னைக்கு நான் அங்க வரல, எங்க வீட்டுக்குப் போறேன். நாளைக்கும் வரல. ஒன் ராக்கெட்டக் கூப்பிட்டுத் துணைக்குப் படுக்க வச்சிக்கோ." வைத்துவிட்டார்கள். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், என் பதிவுக்குக் கீழே இப்போது ரெண்டு கோடு. பிள்ளை பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் ராத்திரியில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருந்தது கிடையாது. அவர் இறங்கி, காகிதமெல்லாம் முடிந்து, விமானம் ஏறி வருவதற்கு ஒரு வாரம் ஆகலாம், கூடவும் ஆகலாம், அது வரைக்கும் ராத்திரிகள் இருக்கின்றன. இருக்கட்டும். ஜோவினைத் தொட்டிலில் கிடத்தி, தலையணையை ரெண்டு பக்கமும் அணை கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனேன். மைனி சாவி போட்டுத் திறந்து வரவேண்டுமே என்று இத்தனை மாதமும் உள்தாழ்ப்பாளைப் போட்டதே இல்லை. உப்புக் காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. ஒரு கையால் இழுத்தால் அசையவில்லை. கதவைத் தோளால் முட்டி அழுத்திக்கொண்டு, ரெண்டு கையாலும் பிடித்து, சத்தம் கேட்டால் கேட்கட்டும் என்று தள்ளினேன். கிறீச்சிட்டுக்கொண்டே போய்க் குழியில் விழுந்தது.